நரம்பு தெரிகிறது, ஆள்தான் வருவதில்லை: பெங்களூரின் எடைக்குறைப்பு அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் உடற்பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்யும் உங்கள் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. அல்சூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் 22 ஆண்டுகளாக ரத்தம் எடுப்பவள். ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் வந்து சேர்வதற்குள் மர்பி டவுனிலும் லிங்கராஜபுரத்திலும் இரண்டு மூன்று வீடுகளில் வெறும் வயிற்று ரத்தம் எடுத்து முடித்திருப்பேன். உங்களிடம் வருபவர்களில் பலர் முதலில் என்னிடம் கை நீட்டியவர்கள்.

கனத்த கையில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது. பட்டையை இறுக்கிக் கட்டி, விரல் நுனியால் அழுத்தித் தடவி, ஆழத்தில் எங்கோ மெத்தென்று தட்டுப்படுகிறதா என்று தேட வேண்டும். சில நாட்களில் இரண்டு முறை குத்தியும் கிடைக்காது. அப்போது அவர்களே எனக்கு ஆறுதல் சொல்வார்கள்: "பரவாயில்லை அம்மா, எனக்கு எப்போதுமே இப்படித்தான்." வலியைப் பொறுத்துக்கொண்டு, தம் உடம்புக்காக மன்னிப்புக் கேட்பதுபோல் பேசும் அந்த மனிதர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அறுவைக்குத் தேதி குறித்த பிறகு அந்த ஒருவரிடமே நான்கைந்து முறை ரத்தம் எடுப்பேன். சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய், அணுக்களுக்கும் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரிக்கும் ஊதா மூடி, கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் மஞ்சள் மூடி, உறைதல் நேரத்துக்கு நீல மூடி. அறுவைக்குப் பின் முதல் மாதம் ஒருமுறை வருவார்கள். மூன்றாம் மாதம் சிலர் வருவார்கள். ஓராண்டு கழித்து அதே மனிதரைக் கடைத்தெருவில் பார்க்கிறேன். உடம்பு இறங்கி, முழங்கை மடிப்பில் நரம்பு பச்சையாகத் தெளிவாக ஓடுகிறது. ஒரே குத்தில் எடுத்துவிடலாம். ஆனால் ரத்தம் கொடுக்க அவர் வருவதில்லை. ஏன் என்று கேட்டால், "வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே" என்கிறார்.

அப்படி வராமல் போனவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

இந்த அறுவைக்கு எதிராக நான் எழுதுகிறேன் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். அது செய்யும் நன்மையை உங்களுக்கு அடுத்தபடியாகக் கண்ணால் பார்ப்பவள் நான். அக்காவுக்கு அப்போது 43 வயது. உயரம் 156 செ.மீ., எடை 104 கிலோ. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, கடைசி இரண்டு ஆண்டுகள் அதோடு இன்சுலின். மூன்று மாதச் சராசரி 9.4, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 286, நல்ல கொழுப்பு 36. உடலில் அழற்சி கனன்றுகொண்டிருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. 9. 2019இல் இரைப்பை பைபாஸ் செய்தார்கள்: இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி உணவைக் கீழே அனுப்பும் அறுவை. வீடு திரும்பிய நாளில் எடை மூன்று கிலோகூடக் குறைந்திருக்கவில்லை. ஆனால் இன்சுலினை நிறுத்திவிட்டிருந்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. என் கையாலேயே எடுத்த ரத்தம். என்னாலேயே நம்ப முடியவில்லை.

எடை குறைவதற்கு முன்பே சர்க்கரை இறங்கும் இந்த விந்தையை வால்டர் போரிஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1995இல் விரிவாக எழுதி மருத்துவ உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். உணவு குறைந்த சில நாட்களிலேயே கல்லீரலில் படிந்த கொழுப்பு கரையத் தொடங்குகிறது. கல்லீரல் மறுபடியும் இன்சுலினின் பேச்சைக் கேட்கிறது. உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்கு விரைந்து சேர்வதால் ஜி.எல்.பி.-1 என்ற குடல் ஹார்மோன் பெருகி, கணையத்தைத் தட்டி எழுப்புகிறது. இரைப்பையைக் குழாய்போல் ஒடுக்கும் ஸ்லீவ் முறையில், பசியைத் தூண்டும் கிரெலின் அதிகம் சுரக்கும் இரைப்பையின் மேற்பகுதியே வெட்டி எடுக்கப்படுகிறது. இவற்றையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் விளம்பரப் பலகைகளில் இவை எதுவும் இல்லை. அங்கே இருப்பவை முன்பு, பின்பு என்று இரண்டு புகைப்படங்கள். பெரிய சட்டை ஒன்று, சின்னச் சட்டை ஒன்று. ரத்தத்துக்குள் நடந்த உண்மையான மாற்றம் எந்தப் புகைப்படத்திலும் வருவதில்லை.

எடையை வைத்தே உள்ளே விடுகிறோம், எடையை வைத்தே வெளியே அனுப்புகிறோம். காப்பீடு கிடைக்க, உயரத்துக்கு ஏற்ற எடையை அளக்கும் பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடுமையான துணைநோயோடு 35 இருக்க வேண்டும். ஆசிய உடல்வாகுக்கு 27.5இலிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்று 2022இல் உங்கள் பன்னாட்டுச் சங்கங்களே வழிகாட்டுதல் வெளியிட்டன. நம் ஊர் ரத்தத்தைப் பார்ப்பவளாக அதன் காரணம் எனக்குப் புரிகிறது. 74 கிலோ எடையுள்ள ஒருவரின் டிரைகிளிசரைடு நானூறைத் தாண்டி, ரத்தத்திலிருந்து பிரிந்து நிற்கும் சீரம் என்ற நீர் பால்போல் வெளுத்து நிற்கும். நூறு கிலோவைத் தாண்டிய ஒருவரின் ரத்தம் எல்லா வகையிலும் சீராக இருக்கும். எடை இயந்திரம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

அக்காவுக்கு ஓராண்டு முடிந்தபோது எடை 68, மூன்று மாதச் சராசரி 5.8, சி.ஆர்.பி. 1. மருத்துவமனையில் கைதட்டினார்களாம். "சர்க்கரை குணமாகிவிட்டது, இனி மருந்தே வேண்டாம்" என்று ஒரு இளம் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அக்கா வீட்டில் அன்று பாயசம் வைத்தாள். இரண்டு கரண்டிக்கு மேல் அவளால் குடிக்க முடியவில்லை. மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குணம் என்ற அந்த ஒரு சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சுவீடனில் 1987இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், அறுவைக்குப் பின் இரண்டாம் ஆண்டில் சர்க்கரை நோயாளிகளில் 72 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியிருந்தது. பத்தாம் ஆண்டில் அது 36 விழுக்காடு. அறுவை தோற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. அதே ஆய்வுதான் அறுவை செய்துகொண்டவர்களிடையே உயிரிழப்பு குறைந்ததையும் காட்டியது. ஆனால் அடங்கியது மறுபடி எழும் என்பதை நோயாளி தெரிந்திருக்க வேண்டும். குணமாகிவிட்டது என்று கேட்டுப் போனவர் எதற்காக மறுபடி என்னிடம் கை நீட்டுவார்? அடங்கியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது எட்டிப் பார்த்திருப்பார்.

அக்கா சத்து மாத்திரைகளை ஓராண்டு ஒழுங்காகச் சாப்பிட்டாள். பிறகு நிறுத்திவிட்டாள். மருந்தே வேண்டாம் என்றார்களே, இவை மட்டும் எதற்கு என்று நினைத்தாளாம். சத்து மாத்திரைகளை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும் என்பது மருத்துவமனை கொடுத்த ஆறு பக்க ஆங்கிலத் தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது. பிறகு நானே தேடிப் படித்தேன். அக்கா தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கன்னடம் நன்றாகப் பேசுவாள், பஸ் பலகையைப் படிப்பாள். அந்த ஆங்கில வரி அவளுக்காக எழுதப்பட்டதே இல்லை.

2023இல் ஒருநாள் தையல் இயந்திரத்தின் மிதியடியில் கால் இருப்பதே தெரியவில்லை என்றாள். குதிகாலில் பஞ்சு ஒட்டியிருப்பதுபோல் இருக்கிறதாம். குளிக்கும்போது கண்ணை மூடினால் உடம்பு சாய்கிறதாம். அதற்கு மூன்று மாதம் முன்பு, சோர்வாக இருக்கிறது என்று சொன்னபோது அவளுக்கு ரத்த அணுப் பரிசோதனை செய்தவள் நான்தான். ஹீமோகுளோபின் 10.6. சிவப்பணுவின் சராசரி அளவு இயல்பு. இரும்புச்சத்து கொஞ்சம் குறைவாக இருக்கும், கீரை சாப்பிடு என்று சொல்லி அனுப்பினேன். அந்த அறிக்கையை இன்று எடுத்துப் பார்த்தாலும் நெஞ்சு கனக்கிறது.

வைட்டமின் பி12 குறைந்தால் சிவப்பணு பெரிதாகும். இரும்பு குறைந்தால் சிறிதாகும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் பெரிதும் சிறிதும் கலந்து, சராசரி நடுவில் வந்து நின்று, இயல்பு என்று அச்சாகிவிடும். அணுக்களின் அளவு எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்று காட்டும் இன்னொரு எண் அதே தாளில் கீழே இருந்தது. அது கூடுதலாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன், யோசிக்கவில்லை. அந்த ரத்தம் பைபாஸ் செய்தவளின் ரத்தம் என்று அந்தத் தாளில் எங்கும் எழுதியிருக்கவில்லை; ஆனால் எனக்குத் தெரியும், அவள் என் உடன்பிறந்தவள். எனக்கே தவறியது என்றால், முன்பின் தெரியாத ஒரு கூடத்தில் கை நீட்டும் நோயாளியின் நிலை என்ன?

கால் மரத்துப்போனதற்குக் காரணம் தேடி பி12 பார்த்தபோது 110. எங்கள் கூடத்தில் இயல்பின் கீழ் எல்லை 200. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதை இப்போது கண்ணி கண்ணியாகச் சொல்ல முடியும். எட்டு ஆண்டு மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதை முன்பே குறைத்திருந்தது. பைபாஸில் உணவு பெரும்பாலான இரைப்பையைத் தொடாமலே கீழே போகிறது. பி12ஐ உணவிலிருந்து பிரிக்கும் அமிலமும், அதைக் கைப்பிடித்துக் குடலின் கடைசிப் பகுதி வரை கூட்டிச் செல்லும் புரதமும் போதிய அளவு கிடைப்பதில்லை. நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டாள். இறைச்சி தொண்டையில் நிற்கிறது என்று அதையும் விட்டிருந்தாள். கல்லீரலில் பல ஆண்டுகளுக்கான சேமிப்பு இருப்பதால் முதல் இரண்டு ஆண்டுகள் எதுவும் வெளியே தெரியாது. மருத்துவமனை கூப்பிடுவதை நிறுத்திய பிறகுதான் கையிருப்பு தீர்கிறது. அறுவைக்கு முன் நான்கைந்து முறை எடுத்த ரத்தத்தில் ஒருமுறைகூட பி12 கேட்கப்படவில்லை என்பதை நான் மறுபடி மறுபடி சரிபார்த்தேன். மயக்க மருந்தைத் தாங்குவாளா என்று பார்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு வரும் முப்பது ஆண்டுகளைத் தாங்குவாளா என்று பார்க்கவில்லை.

இரும்பின் கதையும் இப்படித்தான். இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படும் சிறுகுடலின் முதல் பகுதியைத்தான் பைபாஸ் தாண்டிச் செல்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதாவது அறுவை மேசைக்கு வரும் பெண்ணின் கையிருப்பு ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கக்கூடும். அதை, இரும்புக் கையிருப்பை அளக்கும் ஃபெரிட்டின் பரிசோதனை காட்டிவிடும் என்று நினைத்தால் அங்கும் ஒரு பொறி இருக்கிறது: பருமனான உடலில் அழற்சி இருப்பதால் ஃபெரிட்டின் உயர்ந்து, இரும்பு போதுமான அளவு இருப்பதுபோல் பொய் சொல்லும். சி.ஆர்.பி.யையும் இரும்பின் செறிவு விழுக்காட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் உண்மை தெரியும். இரும்புக் குறைவு மூன்று மாதச் சராசரியையும் சற்றுக் கூட்டிக் காட்டும். ஒரு எண்ணைத் தனியாகப் பிடித்துக்கொண்டு நோயாளியைப் பாராட்டவும் முடியாது, திட்டவும் முடியாது.

கால்சியத்தையும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் கால்சியம் இயல்பு என்றே வரும், ஏனென்றால் குறைவதையெல்லாம் உடல் எலும்பிலிருந்து கடன் வாங்கி ஈடுகட்டுகிறது. வைட்டமின் டி குறைந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கவைக்கும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் அந்தக் கடன் தெரியவரும்.

இன்னொரு நாளையும் உங்களிடம் சொல்லியே தீர வேண்டும். சென்ற ஆண்டு ஒரு கர்ப்பிணிப் பெண், 25 வாரம், குளுக்கோஸ் பரிசோதனைக்கு வந்தாள். வழக்கம்போல் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடக்கிறது என்றாள். வியர்வை கொட்டியது, வயிறு முறுக்கியது, கழிவறைக்குப் போய்வந்து பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாள். ஒன்றரை மணி நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 46. படுக்க வைத்துப் பழரசம் கொடுத்து, அவள் கணவருக்குத் தொலைபேசியில் சொன்னபோதுதான் அவர் சொன்னார்: இரண்டு ஆண்டுக்கு முன் வேறொரு ஊரில் பைபாஸ் நடந்ததாம். பைபாஸ் ஆனவர்களுக்கு இந்தப் பரிசோதனை கூடாது, பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே உணவுக்கு முன்னும் பின்னும் விரல் ரத்தம் பார்த்தால் போதும் என்பது உங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எழுதிக் கொடுத்த மகப்பேறு மருத்துவருக்கு அவள் பைபாஸ் செய்தவள் என்று தெரியாது. கரைத்துக் கொடுத்த எனக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றே தெரியாது. வயிற்றில் ஐந்து தழும்புகள் இருந்தன, சேலை மூடியிருந்தது.

தையமின் என்ற வைட்டமின் பி1 பற்றி ஒரு வார்த்தை. உடலில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. அறுவைக்குப் பின் வாந்தி நிற்காமல் இருக்கும் ஒருவர் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனால் முதலில் ஏற்றுவது குளுக்கோஸ். தையமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். ரத்தம் எடுப்பவளான நானே சொல்கிறேன், இங்கே பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. முதலில் தையமின் ஊசி, பிறகு மற்றவை. ஆனால் இது அந்தத் தெரு மருத்துவருக்கு எப்படித் தெரியும்? நோயாளியின் சட்டைப் பையில் இருக்கும் ஒரு தாள்தான் சொல்ல முடியும்.

உங்களில் சிலர் இதையெல்லாம் செய்கிறீர்கள் என்பதையும் அறிவேன். ஆண்டுதோறும் தவறாமல் பரிசோதனைச் சீட்டு அனுப்பும் ஒரு மருத்துவர் இருக்கிறார். அவருடைய உணவியல் நிபுணர் ஞாயிற்றுக்கிழமைகூட நோயாளிகளைக் கூப்பிட்டுப் பேசுவார். அவரிடமிருந்து வருபவர்கள் என் முன் உட்கார்ந்ததுமே, "எனக்கு ஸ்லீவ் ஆகியிருக்கிறது, பி12ஐயும் டியையும் பார்க்கச் சொன்னார்" என்கிறார்கள். ஒருவரால் முடிகிறது என்றால் அது முடியக்கூடிய காரியம்தான்.

நான் கேட்பது இதுதான். ரத்தம் எடுக்கும் நாட்களையும் அறுவையின் பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். தையல் பிரிக்கும் நாளைக் குறிப்பதுபோல் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை என்று தேதிகளை அப்போதே குறித்துக் கொடுங்கள். நீங்கள் சொல்லும் தொகுப்புக் கட்டணத்தில் அறையும் கருவியும் மயக்க மருந்தும் அடங்குகின்றன. முதல் இரண்டாண்டுப் பரிசோதனைகளும் அதில் அடங்கட்டும். லட்சக்கணக்கில் கடன் வாங்கி அறுவை செய்துகொண்ட ஒரு தையல்காரப் பெண், உடம்பு நன்றாக இருக்கும்போது ரத்தப் பரிசோதனைக்கென்று தனியாகப் பணம் எடுத்து வைக்க மாட்டாள். அரிசி, பள்ளிக் கட்டணம், வாடகை என்று எல்லாம் முந்திக்கொள்ளும். முன்பே கட்டிவிட்ட பணம் என்றால் விடமாட்டாள், கட்டாயம் வருவாள். அக்காவை வைத்தே சொல்கிறேன்.

கூடவே ஒரு தாள். என்ன அறுவை, எந்த நாளில், எந்த மாத்திரைகள் ஆயுள் முழுவதும், எந்தப் பரிசோதனை எப்போது, வாந்தி நிற்காவிட்டால் எந்த ஊசி முதலில், கர்ப்பமானால் எந்தப் பரிசோதனை கூடாது. அவ்வளவுதான். இந்த நகரத்தில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் பேசும் வீடுகளில்தான் உங்கள் நோயாளிகள் வாழ்கிறார்கள். அவர்கள் படிக்கும் மொழியில் அந்தத் தாள் இருக்கட்டும். பின்புறம் மருத்துவர்களுக்காக ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

அக்காவுக்கு இப்போது மாதம் ஒருமுறை 1,000 மைக்ரோகிராம் பி12 ஊசி. நானே போடுகிறேன். ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டிருக்கிறது. கைவிரல்களில் உணர்வு முழுதாகத் திரும்பிவிட்டது, ஊசியில் நூல் கோக்கிறாள். இடது பாதம் இன்னும் மரத்தே இருக்கிறது. எடை 71. இவ்வளவு நடந்த பிறகும், மறுபடி அந்த நிலையில் இருந்தால் அறுவையை வேண்டாம் என்பாயா என்று கேட்டேன். செய்துகொள்வேன் என்றாள், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

அந்தத் தாளைத் தமிழில் நான் எழுதி வைத்திருக்கிறேன். கன்னடத்தில் என்னுடன் வேலை செய்யும் பெண் எழுதியிருக்கிறாள். இரண்டையும் ஒரு மருத்துவர் பார்த்துத் திருத்த வேண்டும். உங்களில் யார் கேட்டாலும் மறுநாள் காலை, சுற்று முடிந்ததும், உங்கள் வெளிநோயாளிப் பிரிவுக்கே கொண்டுவந்து தருகிறேன்.

பணிவுடன்,
அல்சூரில் ரத்தம் எடுக்கும் ஒரு பரிசோதனைக்கூடப் பணியாளர்